ரெத்தினதாஸின் ஏழாம் பதில்

எங்கள் வார்டு தேர்தலில் ரெத்தினதாஸ் தோற்றதற்கு இரண்டு பேர் காரணம். ஒருவர் அமெரிக்க ஜனாதிபதி. மற்றவன் நான். ஜனாதிபதி காலமாகி ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டதால் பழி முழுவதும் என் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. நான் மறுக்கவில்லை. பத்திரிகையில் பத்தி எழுதிப் பிழைப்பவனுக்கு ஒரு தோல்விக்காவது காரணமாக இருக்கக் கிடைத்தால் பெருமைதான்.

ரெத்தினதாஸைக் கேரள எல்லையில், பாறசாலைக்கும் தனுவச்சபுரத்துக்கும் இடையில் தெரியாதவர்கள் கிடையாது. முகத்தைப் பார்த்தவர்கள்தான் குறைவு. முப்பது ஆண்டுகளாக அந்த முகம் கேமராவுக்குப் பின்னால் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்ததும் நெய்யாற்றின்கரையில் ஒரு ஸ்டுடியோவில் குடை பிடிக்கச் சேர்ந்தான். மழைக்கு அல்ல, விளக்கு வெளிச்சத்துக்குப் பிடிக்கிற வெள்ளைக் குடை. அங்கிருந்து கல்யாண வீடியோ. அதற்குப் பிறகு கூரை மேல் ஒரு டிஷ், தென்னைக்குத் தென்னை கேபிள், கடைசியில் சொந்தமாக ஒரு லோக்கல் சேனல்: ஆர்.டி. விஷன். கோயில் உற்சவம், சபைக் கன்வென்ஷன், பள்ளிக்கூட விளையாட்டு எல்லாம் அதில் வரும். செய்தி மலையாளத்தில், நகைக்கடை விளம்பரம் தமிழில். மரண அறிவிப்பு மட்டும் இரண்டு மொழியிலும் உண்டு. இறந்தவரை யாராவது ஒரு தரப்பு உரிமை கொண்டாடிவிடக் கூடாதே.

சாவு வீட்டு நேரலையில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஷார்ஜாவிலிருந்து மகன் போனில் அழுதுகொண்டே, "அண்ணே, கொஞ்சம் எடத்தோட்டு, அப்பாக்க மொகம் காணல்ல" என்பான். ரெத்தினதாஸ் ஓசைப்படாமல் இரண்டடி இடப்பக்கம் நகர்வான். குழிமேட்டில் அழுகிறவர்கள் கேமராவைப் பார்த்துவிட்டால், அப்போதும் எங்கும் சொல்கிற அதே வசனம்தான்: "கேமராவப் பாக்காதீங்கோ." மந்திரி முதல் மணமகன் வரை அதைக் கேட்காதவர்கள் இல்லை.

அவன் கல்யாணத்திலேயே இந்தப் புத்தி வேலை செய்தது. போட்டோ எடுக்க வந்தவன் பிடித்த கோணம் பிடிக்காமல், தாலி கட்டிய கையோடு கேமராவைப் பிடுங்கி மீதியை இவனே எடுத்தான். ஆல்பத்தில் சுகுமாரி மாலையோடு தனியாக நின்று வலப்பக்கம் பார்த்துச் சிரிக்கிறாள். "எனக்க கல்யாண ஆல்பத்துல எல்லாரும் உண்டு, மாப்பிள்ள மட்டும் இல்ல" என்று அவள் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிப்பட்டவன் தேர்தலில் நின்றது சுகுமாரிக்காகத்தான்.

மூன்று ஆண்டுகளாக அவளுக்குச் சிறுநீரகம் வேலை செய்வதில்லை. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். வீடு மேட்டின் மேல் இருக்கிறது. ரோட்டிலிருந்து வீட்டுக்கு ஒரு நடவழி, நாற்பத்து மூன்று படி. சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்கார வைத்து, முன்னால் ரெத்தினதாஸும் பின்னால் பக்கத்து வீட்டு சஜியும் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். இருபதாவது படியில் ஒரு பலா மரம் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கும். அங்கே நாற்காலியைச் சாய்த்தால்தான் போகலாம். சுகுமாரி அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்வாள். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை.

நடவழியை அகலமாக்க மற்ற வீட்டுக்காரர்கள் எல்லாரும் இடம் விட்டுவிட்டார்கள். பாக்கி ஒரே ஒருவர். பலா மரத்துக்கு உடையவர், எலியா. ரப்பர் ஷீட் அடிக்கிற மெஷின் வைத்திருந்தவர். எங்கள் சபையில் ஜெபத்துக்குப் பேர் போனவர். சாப்பாட்டுக்கு முன் அவர் கண்ணை மூடினால் கஞ்சி ஆறிவிடும். இரண்டடி மண் கேட்டு அவரிடம் போகாத மெம்பர் இல்லை. "பாப்போம்" என்பார். பதினான்கு ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். காரணம் என்னவென்று யாருக்கும் தெரியாது. நாங்கள் எல்லாரும் சேர்ந்து, "கஞ்சன்" என்று ஒரு காரணத்தை வைத்துக்கொண்டோம்.

இந்தத் தடவை வார்டு இடஒதுக்கீடு நீங்கிப் பொதுவுக்கு வந்ததும் ரெத்தினதாஸ் சுயேச்சையாக மனு கொடுத்தான். மெம்பராகி, பஞ்சாயத்துச் செயலாளரையும் தாசில்தாரையும் கூட்டி வந்து வழியை வாங்கிவிடலாம் என்று கணக்கு. சின்னமாக டெலிவிஷன் கேட்டான். அதை வேறொருவர் கொண்டுபோனார். கிடைத்தது நாற்காலி.

"கொள்ளாம், நல்லதுதான்" என்றாள் சுகுமாரி. "என்னைய சொமக்குத கசேரதானே? போஸ்டருக்கு வேற போட்டோ எடுக்காண்டாம்."

சேனல்காரன் தேர்தலில் நின்றால் சேனலில்தானே பிரசாரம்? மற்ற இரண்டு வேட்பாளர்களுக்கும் ஆளுக்கு அரை மணி நேரம் கொடுத்தான். அவர்கள் வந்து கடகடவென்று பேசிவிட்டுப் போனார்கள். அவனுடைய முறை வந்தபோது மகள் லிஜா கேமராவைப் பிடித்தாள். ரெத்தினதாஸ் நாற்காலியில் உட்கார்ந்து, "பிரியமுள்ள வாக்காளர்களே" என்றான். நிறுத்தினான். "லிஜா, தலைக்கு மேல எடம் கூடுதல்." மறுபடி, "பிரியமுள்ள வாக்காளர்களே... பின்னால வெளிச்சத்துல ஜன்னல் எரியுது மோளே, திரையப் போடு." எழுந்து போய்க் கேமராவில் பார்த்தான். அங்கே காலி நாற்காலி தெரிந்தது. "இப்பம் கொள்ளாம்" என்றான்.

லிஜா அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். "மாமா, ஒண்ணு செல்லிக் குடுங்கோ இவருக்கு" என்று என்னைக் கூப்பிட்டாள்.

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக அவர்களைச் சுயம்புவின் டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் அமெரிக்க வரலாறு சொன்னேன்.

"1952-ல ஐசன்ஹோவர் நிண்ணாரு" என்று ஆரம்பித்தேன். "யுத்தம் ஜெயிச்ச ஜெனரல். டி.வி. அப்பம் கைப்பிள்ள. அவருக்கும் கேமராண்ணா தடுமாற்றம். வெளம்பரக்காரங்க என்ன செய்தாங்க? ஒரே நாளு, ஒரு ஸ்டுடியோ. கேள்வியே இல்லாம நாப்பது பதில எடுத்துப்புட்டாங்க. கண்ணாடியக் கழத்தச் சென்னாங்க. கழத்துனா எழுத்து தெரியாதுல்லா, அதனால அட்டையில பெரிய எழுத்துல எழுதிக் காட்டுனாங்க. கேள்வி கேக்க ஆளப் பிடிச்சது பொறவாக்கும். நியூயார்க்கு சுத்திப் பாக்க வந்த சனத்த வரிசையிலேருந்து கூப்பிட்டு, இருக்குத பதிலுக்குத் தக்க கேள்விய கேக்க வச்சாங்க. ரெண்டையும் ஒட்டினா, குடிமகன் கேக்கான், ஜெனரல் பதில் சொல்லுகாரு. ரெண்டு பேரும் மொகத்தோட மொகம் பாத்ததே இல்ல!"

ஒரு கிழட்டுப் பட்டாளக்காரனுக்கு இந்தக் கதியா என்று ஜெனரல் அலுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். அதையும் சொன்னேன்.

சுயம்பு டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "ஜெயிச்சாரா?"

"ஜெயிச்சாரே! ஜனாதிபதி ஆனாரே!"

"பதிலுக்கா ஜெயிச்சாரு, யுத்தத்துக்கா?"

இந்த மாதிரிக் கேள்விகளுக்கு நான் பதில் சொல்வதில்லை. எனக்கு வரும் வாசகர் கடிதங்களிலும் இப்படிச் சில வரும்; கிழித்துப் போட்டுவிடுவேன்.

ரெத்தினதாஸின் முகம் மலர்ந்தது. "அண்ணே, அப்பம் ஒவ்வொரு பதிலா எடுக்கலாம். நடுவுல நான் எழுந்து போய் பிரேம் பாத்துக்கிடலாம். அப்படித்தானே?"

"அப்படியாக்கும்" என்றேன், ஐசன்ஹோவர் என்னிடம் நேரில் சொன்னதுபோல.

பன்னிரண்டு பதில்கள் எழுதினேன். தெருநாய், காட்டுப்பன்றி, தெருவிளக்கு, நூறு நாள் வேலை, குடிநீர் என்று பிரச்சினைக்கு ஒன்று. ஏழாவது நடவழி. கல்யாண ஆல்பம் வருகிற அட்டைப் பெட்டிகளைப் பிரித்து, பின்பக்கத்தில் மார்க்கரால் எழுதினேன். ரெத்தினதாஸ் கண்ணாடியைக் கழற்றினால் உள்ளங்கை அளவு எழுத்துதான் தெரியும். உள்ளங்கை அளவு எழுத்தில் அட்டைக்கு ஐந்து சொல்தான் அடங்கும். ஆகவே என் பதில்கள் எல்லாம் தந்திபோல் இருந்தன. "பன்றி வராது. வேலி வரும்." "விளக்கு எரியும். நான் பொறுப்பு."

எடுக்கிற நாள் வியாழக்கிழமை. அன்று காலையில் மழை பெய்து படிகள் வழுக்கின. டயாலிசிஸ் முடிந்து மேலே தூக்கி வரும்போது, பலா மரத்தடியில் நாற்காலியைச் சாய்த்த வேளையில் சஜியின் கால் சறுக்கியது. சுகுமாரி விழவில்லை. ஆனால் முழங்கால் மரத்தில் உரசித் தோல் போயிற்று. அவள் முந்தானையால் பொத்திக்கொண்டாள். ரெத்தினதாஸ் மருந்து வைத்துக் கட்டிவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு, கேமராவின் முன் வந்து உட்கார்ந்தான்.

ஆறு பதில்கள் ஒழுங்காகப் போயின. ஏழாவதையும் ஒரு தடவை அட்டையைப் பார்த்து வாசித்தான்: "வழி வரும். எல்லாரும் ஒத்துழைக்கணும்." லிஜா, "சத்தம் போராது, ஒரு தடவ கூடி" என்றாள். நான் அட்டையைத் தூக்கிப் பிடித்தேன். அவன் அட்டையைப் பார்க்கவில்லை. நேராகக் கேமராவைப் பார்த்தான். வாழ்நாளில் முதல் தடவை.

"ஒரு மனுசன் ரெண்டடி மண்ண விடமாட்டேன்னு நிக்கியாரு. அவரு கெட்டவருண்ணு நான் செல்லல்ல. நல்லா ஜெபம் பண்ணுவாரு. அவருக்க பிலாவு மூட்டுல ஒரு நாளு கசேரயில இருந்து பாக்கட்டு. நான் சொமக்கேன். வேற ஆரையும் கூப்பிடல்ல, நானே சொமக்கேன். கண்ண மூடாம அந்த எடத்தக் கடந்துட்டாருண்ணா நான் ஒரு ஓட்டும் கேக்கல்ல."

பிறகு அவன் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, "இது வேண்டாம். அட்டையில உள்ளத வையி" என்றான்.

அவன் போனதும் நான் லிஜாவிடம் ரகசியமாகச் சொன்னேன்: "ரெண்டாவதையே வை மோளே. அதுலதான் உயிரு உண்டு." எழுதினவன் நான், அவன் எழுதாமல் பேசியதுதான் நன்றாக இருந்தது என்று ஒப்புக்கொள்ளும் பெருந்தன்மை அன்று எனக்கு இருந்தது. அதுதான் வினை.

சனிக்கிழமை கேள்விகள். ரெத்தினதாஸ் ஆஸ்பத்திரியில், லிஜா கல்லூரிப் பரீட்சையில். கேமராவோடு சுயம்புவின் கடை முன்னால் நின்றது நான். துண்டுச் சீட்டுகளில் பன்னிரண்டு கேள்விகள். வருகிறவர்கள் ஒன்றை எடுத்துக் கேட்க வேண்டியதுதான். நியூயார்க்கில் வரிசை நின்றது. இங்கே ஆளைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. காட்டுப்பன்றிக் கேள்வியைக் கேட்கவிருந்தவர், பன்றி தின்ற மரச்சீனிக் கிழங்கின் கணக்கைக் கேமராவிடம் பத்து நிமிடம் சொன்னார்.

அப்போது தேய்த்த பச்சைச் சட்டையும் பவுடர் பூசிய கழுத்துமாக எலியா வந்தார். நான் கூப்பிடவில்லை. தானாகவே வந்தார்.

"டி.வி.யில காட்டுவியளா, சாறே?" என்று கேட்டார்.

"காட்டுவோமே அண்ணே."

"மொகம் தெரியுமா?"

"நல்லாத் தெரியும்."

"எவ்வளவு நேரம்?"

"எட்டுப் பத்து செக்கண்டு வரும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நாயி எனக்கு வேண்டாம். வெளக்கு, அதுவும் வேண்டாம்." நடவழிச் சீட்டில் கை நின்றது. "இதுதான் கனமான கேள்வி. இத நான் கேக்கேன்."

எனக்குப் புல்லரித்தது. வழியை அடைத்துக்கொண்டு நிற்கிற மனிதரே வழி எங்கே என்று கேட்கிறார்! மனம் திரும்பிவிட்டார் என்று நினைத்தேன். டமாஸ்கஸ் போகிற பாதையில் பவுலுக்கு நடந்தது எங்கள் டீக்கடை முன்னால் நடக்கிறது என்றே நினைத்தேன். ஏழாவது பதில் என் மண்டையில் எங்கே போய் ஒளிந்துகொண்டதென்று இன்றுவரை தெரியவில்லை. பதில் வேறு நாள், கேள்வி வேறு நாள் என்று எடுத்தால் இரண்டும் வேறு வேறு ஊர்க்காரர்கள் மாதிரி ஆகிவிடுகின்றன. ஒன்றைப் பார்க்கும்போது மற்றது ஞாபகம் வருவதில்லை. எட்டுத் தடவை எடுத்தேன். எட்டாவது தடவை எலியா உணர்ச்சிவசப்பட்டுச் சீட்டில் இல்லாததையும் சேர்த்துக் கேட்டார்:

"நம்ம நடவழியில எப்பம் வண்டி வரும்? இதுக்கு ஆராக்கும் தடை? அத மறைக்காம செல்லும் ஓய்!"

"பிரமாதம்!" என்றேன்.

நான் எழுதிக்கொடுத்த எண்ணையும் பெயரையும் பார்த்து, பரீட்சைக் களைப்பில் லிஜா இரவோடு இரவாகக் கேள்வியையும் பதிலையும் ஒட்டிவிட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மதியம் ஒரு மணிக்கு ஒளிபரப்பு. எலியா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். ஆரியங்கோட்டில் கட்டிக்கொடுத்த மகள் ஜெஸ்னா, மருமகன், பிள்ளைகள், சொந்தக்காரர்கள் என்று ஹாலில் பதினோரு பேர். மரச்சீனியும் மாட்டிறைச்சியும். எலியா அந்தப் பச்சைச் சட்டையையே மறுபடி போட்டிருந்தார், டி.வி.யில் வருகிறவர் தாம்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்துவிடாதபடி.

ஆறு கேள்வி பதில்கள் ஓடின. பிறகு திரை முழுக்க எலியா. கீழே 'திரு. எலியா, வாக்காளர்' என்று பெயர். ஹாலில் கைதட்டல். "மாமா, மந்திரி மாதிரி!" என்றார் மருமகன். "இதுக்கு ஆராக்கும் தடை?" என்று திரையில் எலியா கர்ஜித்தார்.

அடுத்த நொடி ரெத்தினதாஸ் வந்தான். "ஒரு மனுசன் ரெண்டடி மண்ண விடமாட்டேன்னு நிக்கியாரு..."

பூட்டுக்குச் சாவி பொருந்துவதுபோல் அந்தக் கேள்விக்கு அந்தப் பதில் பொருந்தியது. அமெரிக்காவில் நாற்பதும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியிருக்குமா என்பது சந்தேகம். "நல்லா ஜெபம் பண்ணுவாரு" என்ற இடத்தில் ஜெஸ்னாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. "அப்பா, ஒங்களயாக்கும்!" என்றாள். பிறகு பலா மரமும் நாற்காலியும் வந்தபோது அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

வெளியே, அடுத்தடுத்த வீடுகளிலிருந்து சிரிப்பு கேட்டது.

எலியா டி.வி.யை அணைத்தார். நான் எழுந்தேன்.

"இரியும் சாறே. மரச்சீனி கழியட்டு."

உட்கார்ந்தேன்.

"நிங்க எழுதினதா அது?"

"இல்லண்ணே. அவன் சொந்தமாச் சென்னது."

"கேட்டப்பளே மனசிலாச்சு. நிங்க எழுதினா இவ்வளவு நல்லா இருக்காது." சொல்லிவிட்டு உள்ளே போனார். அரிவாளோடு வருவார் என்று எதிர்பார்த்தேன். ஒரு சி.டி. உறையோடு வந்தார். அதன் மேல் தாமரைப் பூவும் 'ஜெஸ்னா திருமணம்' என்ற எழுத்தும்.

"ரெத்தினதாஸ் எடுத்தது, பதினாலு வருசம் ஆச்சு. மூணு மணிக்கூறு ஓடும்" என்றார். "சமையல்காரன் உண்டு. பாயசப் பானை உண்டு. மாப்பிள்ள வீட்டு வண்டிக்க நம்பர் பிளேட்டு உண்டு. பெண்ணுக்க அப்பன் எவ்வளவு நேரம் உண்டுண்ணு அறியாமா? நாலு செக்கண்டு. அதும் மொகமில்ல, மொதுவு. எனக்க ஒத்த மோளுக்கு நான் ஜெபம் பண்ணினேன் சாறே. அப்படி ஒரு ஜெபம் அதுக்கு முன்ன நான் பண்ணினதில்ல, பொறவும் வரல்ல. அதுல ஒரு வார்த்த கூட இதுல இல்ல."

ஜெஸ்னா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினான்கு ஆண்டுகள் எங்கள் வார்டே அந்த இரண்டடி மண்ணுக்குக் காரணம் தேடியது. மெம்பர்கள் வந்தார்கள், போதகர் வந்தார், சர்வேயர் சங்கிலியோடு வந்தார். ஊருக்கெல்லாம் விஷயம் சொல்கிற நானும் வந்தேன். ஒருவருக்கும் இது தெரியவில்லை. கேட்டால் சொல்லக்கூடிய காரணமும் இல்லை அது. வீடியோவில் என் முகம் வரவில்லை, அதனால் மண் தரமாட்டேன் என்று எந்த ஆண்பிள்ளை சொல்வான்?

"மண்ணு நான் தாறேன்" என்றார் எலியா. "ரெண்டில்ல, மூணடி. பிலாவையும் வெட்டிக்கிடட்டு. ஆனா சம்மதக் கடலாசு குடுக்கும்போ நான் ஜெபம் பண்ணுவேன், முழுசா. ரெத்தினதாஸ்தான் படம் பிடிக்கணும். வேற ஆரும் தொடப்பிடாது. அவன் விட்டத அவனே எடுக்கணும்."

"அதுக்கென்ன அண்ணே, எடுப்பான்."

"எப்படி எடுப்பான்? மெம்பர் ஆயிட்டான்னா கடலாசு வாங்க முன்னால வந்து நிப்பான். பின்ன கேமராக்குப் பின்னால ஆரு நிக்கியது? அவன் தோக்கணும் சாறே. தோத்தா மண்ணு."

இந்தச் செய்தியோடு நாற்பத்து மூன்று படி ஏறினேன். கேட்டதும் ரெத்தினதாஸ் என்னைத் திட்டுவான் என்றிருந்தேன். அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தான்.

"அவரு ஜெபம் தொடங்கினப்பம் கேசட்டு தீந்துபோச்சு அண்ணே" என்றான். "மாத்தலாம்ணு பாத்தா புதுக் கேசட்டு வண்டியில. ஓடிப்போய் எடுத்துட்டு வந்தேன். ஆமென் செல்லிட்டாரு. பதினோரு நிமிசம். நான் செல்லவே இல்ல. சி.டி. குடுத்த அண்ணு ஒண்ணும் கேக்கல்ல அவரு. மறந்துபோட்டாருண்ணு நெனச்சேன்."

"செரி, இப்பம் என்ன செய்யப் போற?"

அவன் சுவரில் ஒட்டியிருந்த தன் போஸ்டரைப் பார்த்தான். அச்சடித்த அவன் முகம் ஊரில் முதல் தடவையாகச் சுவர்களில் இருந்தது. நன்றாகவும் இருந்தது. மனுவைத் திரும்பப் பெறும் நாள் கடந்து ஒரு வாரமாகிவிட்டது.

கட்டிலில் கிடந்த சுகுமாரி பேசினாள். "ஆட்டோ முற்றத்துல வரணும்ணு தானே நிண்ணியோ? தோத்தாதான் வரும்ணா தோக்க வேண்டியதுதானே. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

அன்றிலிருந்து ரெத்தினதாஸ் வீடு வீடாகப் போய், தனக்கு ஓட்டுப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். இந்த ஊர் அரசியலில் இப்படி ஒரு காட்சி நடந்ததில்லை. விளைவு பயங்கரமாக இருந்தது.

"ஓட்டு போடத் தொடங்கி நாப்பது வருசமாச்சு" என்றார் சுயம்பு, கடை நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு. "ஓட்டு வேண்டாம்ணு செல்லிக் கையெடுத்துக் கும்பிட்டவன் இவன் ஒருத்தனாக்கும். இவனுக்குப் போடாம பின்ன ஆருக்குப் போட?"

கடை முழுக்கத் தலையாட்டியது. ஏழாம் பதிலை லிஜா யூடியூபிலும் போட்டிருந்தாள். ஆளாளுக்குப் போனில் பார்த்திருந்தார்கள். நிலைமை கைமீறுவதைப் பார்த்து நான் களத்தில் இறங்கினேன். ரெத்தினதாஸுக்கு நிர்வாகம் தெரியாது, கண் தெரியாது, பேச வராது என்று போகிற இடமெல்லாம் சொன்னேன். "அந்த எழுத்துக்காரன் குற்றம் செல்லுகான்னா ஆளு நல்லவனாத்தான் இருப்பான்" என்று ஊர் முடிவு கட்டியது. எனக்கு இவ்வளவு செல்வாக்கு இருப்பது அதுவரை எனக்கே தெரியாது.

எண்ணிக்கை நாளன்று ரெத்தினதாஸ் வியர்த்துக்கொண்டு நின்றான். ஜெயிக்கப்போகிறவன் வியர்ப்பான், தோற்கப்போகிறவன் வியர்ப்பான், ஜெயித்துவிடுவோமோ என்று வியர்த்தவனை அன்றுதான் பார்த்தேன். மூன்றாவதாக வந்தவர் 318. ரெத்தினதாஸ் 332. அனகா என்ற இருபத்து நான்கு வயதுப் பெண் 341. ஒன்பது ஓட்டில் தோற்றான்.

ஒன்பதில் ஒன்று என்னுடையது. இன்னொன்று சுகுமாரியுடையது. "நான் அந்தப் பிள்ளைக்காக்கும் போட்டேன்" என்று அவளே சொன்னாள்.

"நான் எனக்குப் போட்டுட்டேன் அண்ணே" என்று ரெத்தினதாஸ் என் காதில் சொன்னான். "வேண்டாம்ணுதான் போனேன். பட்டனுக்குப் பக்கத்துல எனக்க பேரும் கசேரயும் தெளிவா இருந்துது. கை போயிட்டு."

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை காலையில் பலா மரத்தடியில் கடுதாசி கைமாறியது. அனகா சேலையில் வந்து நின்றாள். எலியா பச்சைச் சட்டை. ரெத்தினதாஸ் இரண்டு கேமரா, நான்கு பேட்டரி, ஐந்து மெமரி கார்டு கொண்டுவந்திருந்தான். ஒன்று போனால் ஒன்று. தவறான இடத்தில் நிற்கக்கூடியவன் என்பதால் என்னை வேலிக்கு அப்பால் நிறுத்திவிட்டான். சுகுமாரியைத் தூக்கிவந்து, சிவப்பு நாற்காலியிலேயே மரத்துக்கு எதிரில் வைத்திருந்தார்கள்.

எலியா கண்ணை மூடினார். ஆதாமிலிருந்து ஆரம்பித்தார். மண் கர்த்தருடையது என்றார். பலா மரத்துக்கு நன்றி சொன்னார். ஜெஸ்னாவின் கல்யாணத்துக்கு வந்தார். அங்கே குரல் உடைந்து கொஞ்சம் நின்று, மறுபடி தொடர்ந்தார். அனகா காலை மாற்றி மாற்றி நின்றாள். சுகுமாரி கண்ணை மூடவில்லை. எதிரில் இருந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரெத்தினதாஸின் கை அசையவில்லை. ஆமென் சொன்னதும் எலியா கண்ணைத் திறந்து நேராகக் கேமராவைப் பார்த்தார், வெகுநேரம். கேமராவைப் பார்க்கக் கூடாது என்று ரெத்தினதாஸ் சொல்லவில்லை.

"ஏறிச்சா?" என்று கேட்டார் எலியா.

"ஏறிச்சு அண்ணே."

"காட்டு."

"மொதல்ல கடலாசு குடுங்கோ, மெம்பர் நிக்கியாவ."

"அது ஓடியா போவுது? நீ காட்டு."

அங்கேயே, மரத்தடியிலேயே பார்க்க வேண்டும் என்றார். சுகுமாரியை லிஜாவும் ஜெஸ்னாவும் கைத்தாங்கலாக எழுப்பித் திண்டில் உட்கார வைத்தார்கள். எலியா அந்தச் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்து, கேமராவின் சின்னத் திரையைக் கண்ணருகே வைத்து இருபத்து மூன்று நிமிடமும் பார்த்தார். கடுதாசியோடு அனகாவும், மரம் வெட்ட வந்த ஆளும், நாங்களும் காத்து நின்றோம்.

முடிந்ததும் நிமிர்ந்தார். "மொதுவு ஒரு எடத்துலயும் இல்ல" என்றார்.

அதற்குப் பிறகுதான் மண் கை மாறியது. கான்கிரீட் இன்னும் போடவில்லை, மரத்தையும் படிகளையும் அகற்றி ஜே.சி.பி. சீராக்கிவிட்டுப் போன செம்மண் பாதைதான். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை சஜி தன் ஆட்டோவை முற்றம்வரை ஓட்டிக்கொண்டு வந்தான். சுகுமாரி தானாக நடந்து போய் ஏறினாள். ரெத்தினதாஸ் கேமராவை எடுத்துக்கொண்டு எதிரே ஓடினான்.

"அத வச்சிட்டு வந்து வண்டியில ஏறுங்கோ" என்றாள் அவள். "ஒங்களுக்க மொதுவப் பாத்தாக்கும் நான் மூணு வருசம் இறங்கினது."

அவன் கேமராவை என் கையில் கொடுத்துவிட்டு ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் எடுத்தேன். தலைக்கு மேல் இடம் கூடிவிட்டது என்று இன்றும் குறை சொல்லிக்கொண்டிருக்கிறான்.